கத்தி இல்லை, ரத்தம் இல்லை... ஊசி போட்டால் தொப்பை கரையுமா?

பவானி:

"ஏனுங்க, ஊசி போட்டா தொப்பை கரைஞ்சிருமாமே... நெசமாங்க?"

கல்யாண சீசன் வந்தால் போதும், இந்த கேள்வியும் கூடவே வந்துவிடும். செல்போனை திறந்தால், "ஆபரேசன் வேண்டாம், ஒரே ஊசியில் ஸ்லிம்" என்று விளம்பரம் வந்து நிற்கிறது.

ஆபரேசன் என்றால் ஜனங்களுக்கு பயம். அதில் தப்பும் இல்லை. 'பம்பரக் கண்ணாலே' படத்தில் நடித்த ஆர்த்தி அகர்வால் 2015-ம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் இறந்து போனார். அதற்கு சில வாரங்களுக்கு முன்புதான் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் ஆபரேசன் செய்திருந்தார். 2022 மே மாதம் பெங்களூருவில் கன்னட டி.வி. நடிகை சேத்தனா ராஜ் கொழுப்பு நீக்கும் ஆபரேசனுக்கு போய் உயிரை விட்டார். வயது 21 தான்.

'அதுக்கு ஊசி தேவலை' என்று நினைப்பவர்கள், அந்த ஊசிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்து கொள்ள வேண்டும்.

சோப்பு மாதிரி வேலை செய்யும்

மருந்தின் பெயர் டிஆக்சிகோலிக் அமிலம். நம் பித்த நீரிலேயே இருக்கும் சரக்குதான் இது. எண்ணெய் சட்டியில் பிசுக்கை சோப்பு எப்படி உடைக்கிறதோ, அது மாதிரி கொழுப்பு செல்லின் தோலை உடைத்து விடும். உடைந்த கொழுப்பை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றும்.

ஆனால் சோப்புக்கு எது கொழுப்பு, எது நரம்பு என்று தெரியாது. இடம் மாறி குத்தினால் தோல் வெந்து புண்ணாகும்.

அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு துறை 2015 ஏப்ரலில் இதற்கு அனுமதி கொடுத்தது. எதற்கு தெரியுமா? தாடைக்கு கீழே தொங்கும் சதைக்கு மட்டும். தொப்பைக்கு இல்லை, தொடைக்கு இல்லை, கைக்கும் இல்லை.

அந்த சின்ன இடத்துக்கே ஒரு தடவைக்கு 50 குத்து வரை குத்துவார்கள். ஒரு மாதம் இடைவெளி விட்டு மறுபடியும். இப்படி 6 தடவை வரை போக வேண்டியிருக்கும். 'ஒரே ஊசியில் ஸ்லிம்' என்பது எவ்வளவு பெரிய புளுகு என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

ஊசி போட்டதும் வீங்கும், வலிக்கும், கன்னிப் போகும், மரத்துப் போகும். அடுத்த வாரம் முகூர்த்தத்தை வைத்துக் கொண்டு போனால், வீங்கிய தாடையோடுதான் மணமேடை ஏற வேண்டும். சோதனையில் 100 பேருக்கு 4 பேர் வீதம் தாடை நரம்பு பாதித்து சிரிப்பு கோணலானது. பிறகு சரியானது என்றாலும், அதுவரை கண்ணாடி பார்க்க மனசு வருமா?

தொப்பைக்கு போட்டால்?

லெசித்தின் வகை மருந்தை கலந்து தொப்பைக்கு குத்தும் பழக்கம் பிரேசிலில் பரவியது. அந்த நாட்டு அரசே 2003-ல் அதற்கு தடை போட்டது. 2010-ல் அமெரிக்காவும், 'கொழுப்பு கரையும் என்பதற்கு ஆதாரம் இல்லை' என்று அழகு நிலையங்களுக்கு எச்சரிக்கை நோட்டீஸ் அனுப்பியது. அனுமதி இல்லாத இந்த ஊசிகளால் ஆறாத தழும்பு, சீழ், கட்டி என்று வந்தவர்கள் பலர்.

இன்னொரு விஷயம். தறியில் நாள் பூராவும் குந்தி இருப்பவருக்கு வரும் தொப்பையில் ஒரு பகுதி தோலுக்கு அடியில் இல்லை. குடலை சுற்றி உள்ளே படிந்த கொழுப்பு அது. ஊசி அங்கே போகாது. சுகர், பி.பி. வருவதற்கு அந்த உள் கொழுப்பும் ஒரு முக்கிய காரணம்.

அமெரிக்காவில் 15 பெண்களுக்கு ஆளுக்கு சுமார் 10 கிலோ தோலடி கொழுப்பை உறிஞ்சி எடுத்து பார்த்தார்கள். பி.பி.யும் குறையவில்லை, கொலஸ்ட்ராலும் குறையவில்லை. 2004-ல் வெளியான ஆய்வு இது.

அது வேற ஊசிங்க

2025-ல் இந்தியாவுக்கு வந்த மவுஞ்சாரோ, வெகோவி ஊசிகளையும் இதையும் பலர் போட்டு குழப்பிக் கொள்கிறார்கள். அவை கொழுப்பை கரைப்பதில்லை. பசியை அடக்கி எடையை குறைப்பவை. வாரம் ஒரு முறை, டாக்டர் சீட்டு கண்டிப்பாக வேண்டும். மவுஞ்சாரோ வந்த புதிதில் ஆரம்ப டோஸ் ஊசி ஒன்றே 3,500 ரூபாய். நிறுத்தினால் எடை திரும்பி வரும்.

தாடை சதைக்கு ஊசி போட்டே ஆக வேண்டும் என்பவர்கள் பியூட்டி பார்லரில் கழுத்தை நீட்டாதீர்கள். ஈரோடோ, கோவையோ, தோல் டாக்டர் அல்லது பிளாஸ்டிக் சர்ஜன் யார், மெடிக்கல் கவுன்சில் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். மருந்து பாட்டிலை உங்கள் கண் முன்னால் உடைக்க சொல்லுங்கள். பெயர், காலாவதி தேதியை போட்டோ எடுத்துக் கொள்ளுங்கள். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் கிட்டவே போகக்கூடாது.

ஊசி போட்ட இடம் கறுத்தாலோ, சீழ் வைத்தாலோ, விழுங்க முடியாமல் போனாலோ மஞ்சள் பத்து போட்டுக் கொண்டு வீட்டில் இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மூச்சு திணறினால் 108. சந்தேகம் கேட்க அரசின் இலவச போன் 104.