கூரை போன வீட்டுக்கு என்ன விலை?

பூநகரியிலிருந்து முழங்காவில் பக்கம் ஏ-32 வீதியால் போகையில் ஜெயபுரம் வரும். அந்த வீதியோரத்தில் மட்டுமல்ல, வன்னி முழுக்கவே நாலு சுவர் மட்டும் நிற்கும் வீடுகளை இன்றும் காணலாம். ஓடும் மரமும் போய்விட்டன, கதவு நிலைகளைக் கழற்றிவிட்டார்கள், அறைக்குள் வேம்பு வளர்ந்து நிற்கிறது. இப்படியொரு வீடு விலைக்கு வந்தால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "சுவர் கிடக்குத்தானே, கூரையைப் போட்டால் வீடு." இந்தப் பேச்சை நம்பிக் கடன்பட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சுவரைத் தட்டிப் பார்க்கமுன் காணிப் பத்திரத்தைக் கேளுங்கள். வன்னியின் குடியேற்றக் கிராமங்களில் பெரும்பாலான வளவுகள் அரச காணிகள். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடும்பங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டவை. கையில் இருப்பது அனுமதிப்பத்திரம், அதாவது ஊரில் பெர்மிட் என்று சொல்வது மட்டும் என்றால், வைத்திருப்பவர் தன் விருப்பத்துக்கு அந்தக் காணியை விற்க முடியாது. அளிப்புப் பத்திரம் இருந்தால் விற்கலாம். ஆனால் பிரதேச செயலாளரின் சம்மதத்தை விற்பதற்கு முன்பே எழுத்தில் பெற்றிருக்க வேண்டும். அது இல்லாமல் நொத்தாரிசு எவ்வளவு அழகாக உறுதி எழுதினாலும் அந்த விற்பனை செல்லாது. கொடுத்த காசுக்கு வெறும் கடதாசிதான் மிஞ்சும். அரச காணியில் எத்தனை வருடம் குடியிருந்தாலும் ஆட்சியுரிமை கோரவும் முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு ஏக்கர் வளவில் வீடு நிற்கும் கால் ஏக்கரை மட்டும் வெட்டி விற்க வருவார்கள். அந்தக் காணியை ஆகக் குறைந்தது எவ்வளவாகப் பிரிக்கலாம் என்பது அளிப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். அதற்குக் குறைந்த துண்டை வாங்காதீர்கள். பெயர் யாருடையது, பின்னுரித்தாளராக யாரைப் பதிந்திருக்கிறார்கள் என்பதைப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் நேரில் போய்ப் பாருங்கள். போரில் இறந்தவர், காணாமற்போனவர், வெளிநாடு போனவர் பெயரில் பத்திரம் கிடக்க, ஊரில் இருக்கும் உறவினர் நல்ல மனதோடுதான் விற்க வருவார். ஆனால் நல்ல மனது உரித்தாகிவிடாது.

தனியார் உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் வில்லங்கம் பாருங்கள். தேசவழமைக்கு உட்பட்ட காணியில் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது. அவர்களுக்கு அறிவிக்காமல் வாங்கினால் பிறகு வழக்கு வரலாம். இடம்பெயர்ந்து போனவர்களின் காணிகளில் வேறு ஆட்கள் குடியிருந்து உரிமை கோரிய பிரச்சினை, 2016 இல் அதற்கென விசேட சட்டமொன்றைக் கொண்டுவர வேண்டிய அளவுக்குப் பெரிதாக இருந்தது.

பத்திரம் சரியென்றால் சுவருக்கு வாருங்கள். போர்க்காலத்தில் வன்னிக்குள் சீமெந்துக்கும் இரும்புக்கும் நீண்ட காலம் தடை இருந்தது. கிடைத்த கொஞ்சச் சீமெந்தை மண்ணோடும் சுண்ணாம்போடும் கலந்து கட்டினார்கள். அப்படிக் கட்டிய சுவர், கூரையின் கீழ் இருந்தவரை நின்றிருக்கும். கூரை போய்ப் பல மாரி மழையில் ஊறியபின் அதன் நிலை வேறு. இரண்டு கல்லுக்கு இடையிலுள்ள சாந்தை ஒரு ஆணியால் சுரண்டிப் பாருங்கள். மாவாகக் கொட்டினால் அந்தச் சுவர் புதுக் கூரையைத் தாங்காது. யன்னல் மூலையிலிருந்து சரிவாக ஓடும் வெடிப்பு, அத்திவாரம் ஒரு பக்கம் இறங்கியதைக் காட்டலாம். பூச்சில் மட்டும் உள்ள மயிர் வெடிப்புக்குப் பயப்பட வேண்டியதில்லை. யன்னல், கதவுக்கு மேலுள்ள கொங்கிறீற்றுத் தீராந்தியைச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். வெறுமைச் சத்தம் கேட்டால், அல்லது கம்பி கறள் பிடித்து வெளியே தெரிந்தால், அதை உடைத்துப் புதிதாகப் போட வேண்டிவரும். ஷெல் பட்ட இடத்தில் ஓட்டையை அடைத்திருப்பார்கள். ஓட்டையை விடச் சுற்றிவர ஓடும் வெடிப்புகளே முக்கியம்.

மலசலகூடக் குழி வெட்டும்போதோ, பாழ்கிணறு இறைக்கும்போதோ, நிலத்தைக் கிளறும்போதோ உலோகமாக ஏதும் தென்பட்டால் தொடாதீர்கள். 2008 இல் நாச்சிக்குடாவிலிருந்து அக்கராயன் வரை மண் அணை போட்டுச் சண்டை நடந்த நிலப்பரப்பு இது. வேலையை நிறுத்திவிட்டு, பிள்ளைகளை அப்புறப்படுத்தி, பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ உடனே சொல்லுங்கள்.

கிணற்று நீரைக் கோடையில் குடித்துப் பாருங்கள். பூநகரிப் பக்கம் உவர் பெரிய பிரச்சினை, அதை எந்த மேசனாலும் திருத்த முடியாது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் வளவுக்குள் எவ்வளவு தண்ணி நின்றது என்று பக்கத்து வளவு அம்மாவிடம் கேளுங்கள். விற்பவரை விட அவர் சரியாகச் சொல்வார்.

இனிக் காசுக் கணக்கு. ஒரே மேசனிடம் இரண்டு மதிப்பீடு எடுங்கள்: இந்த வீட்டைத் திருத்த எவ்வளவு, இதே அளவு வீட்டைப் புதிதாகக் கட்ட எவ்வளவு. போருக்குப் பின் வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் புதிய வீட்டுக்கு 5,50,000 ரூபாவும் திருத்தத்துக்கு 2,50,000 ரூபாவும் கொடுத்தார்கள். அந்தத் தொகைகள் இன்றைக்குப் பொருந்தாது, ஆனால் விகிதம் பொருந்தும். திருத்தச் செலவு புதுக்கட்டுச் செலவின் பாதியைத் தாண்டினால், அந்த வீட்டின் பெறுமதியைப் பூச்சியமாக வைத்து, காணிக்கும் கிணற்றுக்கும் மரங்களுக்கும் மட்டும் விலை பேசுங்கள். இடித்து அள்ளும் கூலியையும் அதிலிருந்து கழியுங்கள். பாதிக்குக் குறைந்து, அத்திவாரமும் சுவரும் உறுதியாக இருந்தால் வாங்குவது நல்லது என்பதுதான் என் எண்ணம். பழைய வளவின் நிழலும் இறைத்து வாழ்ந்த கிணறும் புதுக் காணியில் கிடைக்காதவை.

மேசன் சொன்ன தொகைக்கு மேல் கால்பங்கு காசை ஒதுக்கி வையுங்கள். 2021 இல் ஆயிரம் ரூபாவளவில் விற்ற 50 கிலோ சீமெந்துப் பை 2022 இல் இரண்டாயிரத்தைத் தாண்டியது. அரைவாசியில் நின்ற வீடுகளின் கதை எல்லோருக்கும் தெரியும். வேலையைத் தை மாசத்துக்குப் பின் தொடங்கி, முதலில் சுவரின் தலைக்கட்டையும் கூரையையும் முடியுங்கள். நிலம், பூச்சு, வயறிங், நிறம் எல்லாம் பிறகு பார்க்கலாம். ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏற வழியில்லை என்றால் அடுத்த வருடம்வரை பொறுங்கள்.

அச்சவாரம் கொடுக்குமுன் ஒருமுறை கார்த்திகை மழைக்குள் அந்த வளவுக்குப் போங்கள். தண்ணி எந்தப் பக்கத்தால் வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்தச் சுவரின் அடி கறுக்கிறது என்பதையெல்லாம் ஒரு மணித்தியாலம் நின்று பார்த்துவிட்டு வந்து விலையைப் பேசுங்கள்.