மாஹிமின் தாளமொழி

மாஹிம் தர்காவைச் சுற்றியுள்ள நெரிசலான தெருக்களில்தான் தபலா மேதை ஜாகிர் உசேனின் இளமை கழிந்தது. 1951ஆம் ஆண்டு அவர் பிறந்தபோது, குழந்தையின் காதில் தந்தை பிரார்த்தனை ஓத வேண்டும் என்பது குடும்ப வழக்கம். உஸ்தாத் அல்லா ரக்கா ஓதியதோ தபலாவின் சொற்கட்டுகளை! திகைத்துப்போன மனைவியிடம், இதுவே தமது பிரார்த்தனை என்றாராம். ஜாகிர் பேட்டிகளில் நினைவுகூர்ந்த நிகழ்ச்சி இது.

விடியுமுன் தந்தையிடம் பாடம், பின்னர் மதரசா, அதன்பின் மாஹிம் செயிண்ட் மைக்கேல் பள்ளி. மகன் இசைக்கலைஞனாவதைத் தாயார் விரும்பவில்லை. மாதச் சம்பளத்தை எண்ணிக் குடும்பம் நடத்தும் நம்மில் எவருக்கும் அந்தத் தயக்கம் விளங்கும்.

மிருதங்கத்தைப் போலவே தபலாவையும் முதலில் வாயால் கற்க வேண்டும். சொற்கட்டு நாவில் பதிந்த பிறகே கை பேசும். ஆகவே அவ்வீட்டுப் பிள்ளைகள் பெற்ற சொத்து கருவியன்று, மொழியே என்று நாம் கருதுகிறோம். இளைய மகன் தௌஃபீக் குரேஷி அதற்குச் சான்று. அவர் கையில் எடுத்தது மேற்கு ஆப்பிரிக்காவின் ஜெம்பே. தபலாவுக்கு இரு முகங்கள். ஜெம்பேக்கோ ஒரே தோல். அதன் நடுவில் தட்டினால் கனத்த ஒலியும் விளிம்பில் தட்டினால் கூர்மையான ஒலியும் எழும். அந்த ஒற்றைத் தோலில் தந்தையின் சொற்கட்டுகளைப் பேசவைக்கத் தனியொரு வாசிப்பு முறையையே அவர் உருவாக்கினார்.

கடல் கடந்தும் இதற்கு உறவுண்டு. அடிமைகளாகக் கியூபாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட யொரூபா மக்கள் தங்கள் பாட்டா முரசுகளை அங்கே மீண்டும் உருவாக்கினர். மூன்று முரசுகளில் பெரியதன் பெயர் ‘இயா’. அதற்குத் தாய் என்று பொருள். ‘பிளானட் டிரம்’ என்ற 1991ஆம் ஆண்டு இசைத்தொகுப்பில் ஜாகிரும் நமது கடம் விக்கு விநாயக்ராமும் நைஜீரியாவின் ஒலாடுஞ்சியோடும், போர்ட்டோ ரிக்கோவின் காங்கா கலைஞர் ஜியோவானி ஹிடால்கோவோடும் சேர்ந்து வாசித்தனர். அதற்குக் கிராமி விருதும் கிடைத்தது.

அல்லா ரக்கா 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 3 அன்று மறைந்தார். உலகெங்கும் கச்சேரிகள் செய்துவந்த ஜாகிர், தந்தையின் நினைவு நாளை மட்டும் மும்பையில் இசை விழாவாகவே கொண்டாடிவந்தார். 2024 டிசம்பரில் அவரும் மறைந்தார்.

தௌஃபீக்கின் மனைவி கீதிகா வர்தே பாடகி. மகன் ஷிகர் நாத் குரேஷி, தந்தையிடம் பயின்று ஜெம்பே வாசிக்கிறார்.