பேக்கப் ‘வெற்றி’ என்று வந்தால் போதுமா?

மளிகைக் கடை, கூட்டுறவுச் சங்கம், ஆலய நிர்வாகம், டியூஷன் மையம் என்று எங்கு பார்த்தாலும் இன்று கணக்கு கணினியில்தான் இருக்கிறது. அந்தத் தரவுத்தளத்தை இரவில் தானாகவே நகலெடுத்து வைக்கும் ‘பேக்கப்’ வசதியும் பெரும்பாலும் கூடவே வருகிறது. காலையில் ‘பேக்கப் வெற்றி’ என்று ஒரு மின்னஞ்சல் வரும். அதோடு நிம்மதியாகிவிடுகிறோம்.

ஆனால், அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்து எதையும் நம்ப முடியாது. நகலெடுப்பு எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது முடிந்தது, நகல் எவ்வளவு பெரியது என்ற விவரங்கள் அறிக்கையில் இருக்க வேண்டும். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது எளிதில் புரியும். காலையில் பெரட்டில் பேர் கொடுத்தவர் எவ்வளவு பால் கொண்டுவந்தார் என்பது, கிராணி நிறுத்து எழுதிய பிறகுதான் தெரியும்.

இதைக் கவனிக்காததால் என்ன ஆகும் என்பதற்கு கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது நல்ல எடுத்துக்காட்டு. மென்பொருள் எழுதுவோர் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் இணையச் சேவை அது. 2017 ஜனவரி 31ஆம் தேதி, அதன் பொறியாளர் ஒருவர் துணைச் சர்வர் என்று நினைத்து முதன்மைச் சர்வரில் இருந்த தரவுகளை அழித்துவிட்டார். சுமார் 300 கிகாபைட் போனது. சரி, தினசரி நகல் இருக்கிறதே என்று தேடினால், அது வந்து சேர வேண்டிய இடம் காலியாக இருந்தது. நகலெடுக்கும் மென்பொருளின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாததால், நகலெடுப்பு ஒவ்வொரு முறையும் தோற்றுப் போயிருக்கிறது. தோல்வியைச் சொல்ல அனுப்பப்பட்ட மின்னஞ்சல்களோ, மின்னஞ்சல் அமைப்பே ஏற்காததால் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

வேறொரு வேலைக்காக ஏறக்குறைய 6 மணி நேரத்துக்கு முன் எடுக்கப்பட்டிருந்த ஒரு நகல்தான் கடைசியில் கைகொடுத்தது. அதற்குப் பிறகு பதிவானவை போனது போனதுதான். பாதிப்பு 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய கணக்குகள் வரை இருக்கலாம் என்று நிறுவனமே பின்னர் அறிவித்தது. ‘நேற்றைய நகல்: இத்தனை நிமிடம், இத்தனை கிகாபைட்’ என்று தினமும் ஒரு வரி வந்திருந்தால், ஒரு நாள் வராதபோதே யாராவது கேட்டிருப்பார்கள்.

ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் ஒரு வழக்கமான நேரம் உண்டு. தினமும் 20 நிமிடம் ஓடும் நகலெடுப்பு திடீரென 3 வினாடியில் முடிந்தால் சந்தேகப்பட வேண்டும். 20 நிமிடம் கொஞ்சங்கொஞ்சமாக 40, 60 என்று நீண்டால், தரவு பெருகியிருக்கலாம், வட்டு பழுதாகிக்கொண்டிருக்கலாம், அல்லது அதே நேரத்தில் வேறொரு வேலையும் ஓடலாம். ஒரு நாள் எண்ணை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. ஒரு மாத எண்களை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும்.

கடிகாரத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கிளவுட் சர்வர்கள் பலவற்றில் உலகப் பொது நேரமே வைக்கப்பட்டிருக்கும். மலேசியாவும் சிங்கப்பூரும் அதைவிட 8 மணி நேரம் முந்தியவை. அதிகாலை 2 மணி என்று நினைத்து அமைத்த நகலெடுப்பு, உண்மையில் காலை 10 மணிக்கு, கடையில் கூட்டம் நிற்கும்போது ஓடும். ‘காலையில் சிஸ்டம் ஸ்லோ’ என்ற புலம்பலுக்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அறிக்கையில் எந்த நாட்டு நேரம் என்று எழுதச் சொல்வது நல்லது.

தொடக்கம், முடிவு இரண்டும் ஏன் வேண்டும்? நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கி 2 மணிக்கு முடிந்த நகலில், 1 மணிக்கு இணையம் வழி வந்த நன்கொடை இருக்குமா? அது தரவுத்தளத்தைப் பொறுத்தது. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் வழக்கமான நகல், தொடங்கிய நேரத்து நிலையைக் காட்டும்; நன்கொடை அதில் இருக்காது. மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் எடுக்கும் முழு நகல், ஏறக்குறைய முடிந்த நேரத்து நிலையைக் காட்டும், அதில் இருக்கும்.

எஸ்கியூஎல் சர்வர் இந்த இரண்டு நேரங்களையும், நகலின் அளவையும் தானே பதிந்து வைக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் எடுத்துக்கொண்ட நேரம் வந்துவிடும். மென்பொருள் விற்றவரிடம் கேட்டால் அறிக்கையாக எடுத்துத் தருவது பெரிய வேலையல்ல. மலேசியாவில் வணிகக் கணக்குகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று வருமான வரிச் சட்டம் சொல்வதால், கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

கேட்கும்போது, எடுத்த நகலை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்தது எப்போது, அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். கிட்லேப்பில் நல்ல நகல் கையில் கிடைத்த பிறகும், அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர சுமார் 18 மணி நேரம் ஆனது.