‘அடிமையாக்கும்’ என்று சொல்லிக்கொண்டே வந்த ஆட்டம்!

போன வருஷம் ஜனவரியில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு லண்டனிலிருந்து என் தங்கை போன் செய்தாள். அங்கே நள்ளிரவு தாண்டி அரை மணி.

“அக்கா, இவன் இன்னும் தூங்கலக்கா. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துகிட்டு யாரையோ வித்துட்டேங்கறான், யாருக்கோ சம்பளம் ஏத்தறேங்கறான். முழங்கால்ல அடி, ஆறு வாரம் ஆகும்னு தானா பேசிக்கறான். சூதாட்டமா இருக்குமோன்னு வயித்தக் கலக்குது...”

விசாரித்ததில் சூதாட்டம் இல்லை என்று தெரிந்தது. பதினேழு வயதுப் பையன் ‘ஃபுட்பால் மேனேஜர்’ ஆடிக்கொண்டிருந்தான். இந்த விளையாட்டில் பந்தை நீங்கள் உதைக்க முடியாது. நீங்கள் ஒரு கால்பந்து குழுவின் மேனேஜர். யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது, யாரை வாங்குவது, யாரை விற்பது, எல்லாம் உங்கள் முடிவு. மேட்சை கம்ப்யூட்டரே நடத்தி முடிவைச் சொல்லும். ஜெயித்தால் பாராட்டு, தோற்றுக்கொண்டே இருந்தால் வேலை போய்விடும்!

‘இதில் என்ன சுவாரஸ்யம்? ஆபீஸ் வேலை மாதிரி இருக்கே!’ என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. அப்புறம் என் தம்பியின் கணக்கு நோட்டு ஞாபகம் வந்தது. அதன் கடைசிப் பக்கங்களில் இந்தியாவும் வெஸ்ட் இண்டீஸும் மோதிக்கொண்டிருக்கும். சமூகவியல் புத்தகத்தை ‘படக்’கென்று திறப்பான். பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ரன். பூஜ்யம் வந்தால் அவுட். கவாஸ்கர் நாலு ரன்னில் அவுட்டானால் முகம் வாடிவிடும். சில நாள் ‘இது ட்ரையல்’ என்று இன்னொரு முறை திறப்பான். அம்மாவோ, பிள்ளை புத்தகத்தை இவ்வளவு நேரம் புரட்டுகிறானே என்று பூரித்துப் போவாள்!

அந்த ஆசைதான் மூலம். விளையாட உடம்பில் தெம்பு வேண்டும், மைதானம் வேண்டும், கூட ஆட ஆள் வேண்டும். ஆனால் ரசிகனின் மனதில், ‘நான் மட்டும் கேப்டனா இருந்தா...’ என்ற நினைப்பு எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு ஒரு வடிகால் கிடைத்தால் போதும்.

அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அந்த வடிகால் கிடைத்துவிட்டது. 1961-ல் ஹால் ரிச்மன் என்பவர் ‘ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்’ என்ற பேஸ்பால் விளையாட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு நிஜ வீரருக்கும் ஒரு அட்டை. அதில் அவருடைய ஆட்டக் கணக்கை ஒட்டி எண்கள். தாயக்கட்டை உருட்டுவது போல பகடையை உருட்டி, அட்டையைப் பார்த்து, முடிவை எழுதிக்கொள்ள வேண்டும். இதில் மூழ்கிப்போனவர்கள் ஏராளம். ராபர்ட் கூவர் என்ற எழுத்தாளர் 1968-ல் இதைப் போன்ற ஒரு விளையாட்டை வைத்து நாவலே எழுதிவிட்டார். கதாநாயகன் ஒரு கணக்கர். தன் சமையலறை மேஜையில் பகடை உருட்டியே ஒரு முழு பேஸ்பால் உலகத்தை நடத்துகிறார். ஒரு நாள் அவருக்கு மிகப் பிடித்த கற்பனை வீரன் பகடை விழுந்த விதத்தில் இறந்துபோக, மனிதர் நிஜ வாழ்க்கையில் நிலைகுலைந்து போகிறார். வேலையில் மனம் நிற்பதில்லை. கம்ப்யூட்டர் கேம் என்ற பேச்சே வீடுகளில் இல்லாத காலத்தில் எழுதியது இது!

கம்ப்யூட்டர் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. சிறு வயதிலிருந்தே அட்டையில் விளையாட்டுகள் தயாரித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் கெவின் டாம்ஸ். வளர்ந்து கம்ப்யூட்டர் புரோகிராமர் ஆனதும் அந்தப் பழைய ஆசையை கம்ப்யூட்டரில் ஏற்றினார். 1982-ல் ‘ஃபுட்பால் மேனேஜர்’ என்ற பெயரில், கேசட்டில் வந்தது அது. ஆமாம், பாட்டு கேட்போமே, அதே கேசட்தான்! அப்போது பிரபலமாக இருந்த ‘இசட்.எக்ஸ்.81’ கம்ப்யூட்டரின் சொந்த ஞாபகசக்தி 1 கிலோபைட்தான். இந்த விளையாட்டுக்கு 16 கிலோபைட் பெட்டியைத் தனியாக மாட்ட வேண்டும். பட்டாளம் போல இத்தனை குழுக்கள், வீரர்கள், வங்கிக் கடன் எல்லாம் அந்த இத்தனூண்டு இடத்துக்குள் அடங்கியது.

டாம்ஸ் தன் கம்பெனிக்கு வைத்த பெயர்தான் வேடிக்கை. ‘அடிக்டிவ் கேம்ஸ்’. அடிமையாக்கும் விளையாட்டுகள்! விளம்பரத்தில் தாடியோடு சிரிக்கும் அவர் படமும் இருக்கும். சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை போடுகிறார்கள் இல்லையா, இவர் அதையே பெருமையாகப் போட்டுக்கொண்டார்.

பெயர் பொய்யாகவில்லை. ஆட்டம் நாலாவது டிவிஷனில், அதாவது அடிமட்டத்தில் தொடங்கும். உங்கள் ஊர் குழுவையே தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு வீரருக்கும் திறமை இவ்வளவு, சக்தி இவ்வளவு என்று எண்கள். நல்ல ஆட்டக்காரரை ஓயாமல் இறக்கினால் அவர் சக்தி குறையும். ஓய்வு கொடுத்தால் மேட்ச் போகும். இந்த தர்மசங்கடம்தான் மனதைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி. பிறகு வந்த ‘ஸ்பெக்ட்ரம்’ கம்ப்யூட்டரில் குச்சி குச்சியாக மனிதர்கள் கோலை நோக்கி ஓடுவார்கள். இன்று பார்த்தால் சிரிப்பு வரும். அன்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு மூச்சு நின்று வந்தது.

பத்து வருஷம் கழித்து, 1992-ல் ‘சாம்பியன்ஷிப் மேனேஜர்’ வந்தது. பால் கோலியர், ஆலிவர் கோலியர் என்ற அண்ணன் தம்பி, ஷ்ராப்ஷயர் பகுதியில் தங்கள் வீட்டுப் படுக்கையறையில் உட்கார்ந்து எழுதியது. பல கம்பெனிகள் கையை விரித்த பிறகு ‘டோமார்க்’ என்ற கம்பெனி வெளியிட்டது. முதலில் வீரர்கள் எல்லாம் கற்பனைப் பெயர்கள். அடுத்த வருஷமே நிஜ வீரர்களின் பெயர்கள் வந்தன. அப்புறம் பிடித்துக்கொண்டது ஜுரம்!

இத்தனைக்கும் திரையில் மேட்ச் ஓடாது. வெறும் எழுத்து. ‘வலது பக்கம் பந்தை எடுத்துச் செல்கிறார்... அடிக்கிறார்...’ என்று ஒவ்வொரு வரியாக வரும். ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கண்ணுக்குக் காட்டாததை மனசு பெரிதாக வரைந்துகொள்ளும். நிஜத்தில் அவ்வளவாகப் பேசப்படாத சில இளைஞர்கள் இந்த விளையாட்டில் மட்டும் மகா சூரர்களாக இருந்தார்கள். மில்வால் குழுவில் இருந்த செர்னோ சாம்பா, டெர்பி கவுன்டியில் இருந்த டோன்டன் ஸோலா மொகோகோ என்ற இரண்டு பேரையும், அவர்கள் கால் பந்தில் படுவதையே பார்த்திராத ஆயிரக்கணக்கானவர்கள் சொந்தத் தம்பி போல நினைவில் வைத்திருக்கிறார்கள். மொகோகோ டெர்பியின் முதல் அணியில் ஒரு மேட்ச் கூட ஆடியதில்லை.

2003-ல் கோலியர் சகோதரர்களின் கம்பெனியும் அப்போதைய வெளியீட்டாளரும் பிரிந்தார்கள். பழைய பெயர் அங்கே தங்க, விளையாட்டின் உள்சரக்கு இவர்களிடம் வந்தது. 2004 முதல் ‘ஃபுட்பால் மேனேஜர்’ என்ற பெயரில் வருகிறது. டாம்ஸ் வைத்த அதே பெயர்!

சரி, ஏன் எழுந்திருக்கவே முடிவதில்லை?

ப்ளூமா ஸைகார்னிக் என்ற மனோதத்துவ நிபுணர் 1927-ல் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார். முடித்த வேலையைவிட, பாதியில் நின்ற வேலைதான் மனதில் அதிகம் நிற்கிறது என்பது அவர் கண்டது. நம்ம ஹோட்டல் சர்வரைப் பாருங்கள். நாலு டேபிள் ஆர்டர் தலைக்குள் இருக்கும். பில் போட்டதும் மறந்துபோகும். பிற்காலச் சோதனைகள் எல்லாமே இதை ஒரே மாதிரி உறுதி செய்யவில்லை. ஆனாலும் மேனேஜர் விளையாட்டை ஆடுபவரைக் கேளுங்கள், ஒப்புக்கொள்வார். இதில் எதுவுமே முடிவதில்லை. மேட்ச் முடிந்ததும் அடிபட்டவரின் கவலை. அது தீர்வதற்குள் அடுத்த மேட்ச். சீசன் முடிந்தால் புது ஆட்களை வாங்கும் நேரம். இங்கே பில்லே போடுவதில்லை!

இன்னொன்று, ‘நம் கையில்தான் இருக்கிறது’ என்ற நினைப்பு. எல்லன் லாங்கர் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் 1975-ல் வெளியிட்ட சோதனைகளில் ஒன்று, ஆபீஸ் ஊழியர்களுக்கு லாட்டரி விற்றது. சீட்டுக்குப் பதில் அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் படம் போட்ட அட்டைகள். விலை 1 டாலர். சிலருக்கு அட்டை கொடுக்கப்பட்டது. சிலர் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். பிறகு, ‘இதை என்ன விலைக்குத் திருப்பிக் கொடுப்பீர்கள்?’ என்று கேட்டபோது, கொடுத்ததை வாங்கிக்கொண்டவர்கள் சராசரியாக 2 டாலருக்குக் கொஞ்சம் குறைவாகக் கேட்டார்கள். தானே தேர்ந்தெடுத்தவர்கள் எட்டரை டாலருக்கு மேல் கேட்டார்கள். பரிசு விழும் வாய்ப்பு இருவருக்கும் ஒன்றுதான். ‘நான் பொறுக்கியது’ என்பதே அதை உசத்தியாக்கிவிட்டது. மேனேஜர் விளையாட்டில் இப்படிப் பொறுக்குவது ஒன்றல்ல, ஒரு ராத்திரிக்கு நூறு.

இதெல்லாம் வியாதியா? இல்லை. ராத்திரி ஒரு மணி வரை நாவல் படித்தவர்கள்தானே நாமும்! உலக சுகாதார அமைப்பு ‘கேமிங் டிஸ்ஆர்டர்’ என்பதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்து, 2022 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அதற்குக் கணக்கு மணி நேரம் அல்ல. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமை, சாப்பாடு, படிப்பு, மனிதர்கள் எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டு போய்விடுவது, கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்வது, இவை சாதாரணமாக ஒரு வருஷமாவது நீடித்து வாழ்க்கையைப் பாதித்தால்தான் அந்தப் பெயர். பிள்ளை இரண்டு வாரம் கண் விழித்தான் என்பதற்காக மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. அதே சமயம், தூக்கம் கெட்டு, பள்ளிக்கூடம் கெட்டு, பேச்சும் குறைந்துவிட்டால் வருஷம் முடியட்டும் என்று காத்திருக்கவும் கூடாது.

சூதாட்டத்தோடும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நிஜ மேட்ச் மீது பணம் கட்டிக் குழு அமைக்கும் ஆட்டங்கள் வேறு ஜாதி. நம் நாட்டில் அந்த மாதிரி பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்க 2025 ஆகஸ்ட்டில் சட்டமே வந்துவிட்டது. பிள்ளை ஆடுவதில் வங்கிக் கணக்கு சம்பந்தப்படுகிறதா என்பதை மட்டும் முதலில் பாருங்கள்.

என் தங்கைக்கும் இதையெல்லாம் சொன்னேன். அவளுக்கு சமாதானம் ஆகவில்லை. ‘நீயே பேசுக்கா’ என்று மறுநாள் போனை அவனிடம் கொடுத்தாள். எப்போதிலிருந்து இவ்வளவு நேரம் ஆடுகிறாய் என்று கேட்டேன். நவம்பரிலிருந்து என்றான். நவம்பரில்தான் அவன் அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை பாருங்கள்!

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான். “இதுல யாருக்காவது அடிபட்டா, எத்தனை வாரத்துல சரியாகும்னு உடனே போட்டுடும் பெரியம்மா. அப்பா விஷயத்துல யாரும் ஒண்ணுமே சொல்லலையே.”

அன்று சாயங்காலம் தங்கையிடம் மறுபடி பேசினேன். கம்ப்யூட்டரைப் பிடுங்காதே, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போ என்றேன். போனார்கள். அந்த டாக்டர் பொறுமைசாலி. எத்தனை வாரத்தில் நடக்கலாம், எப்போது மாடி ஏறலாம், எந்த மாத்திரை எதற்கு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அதை அவன்தான் வாங்கி வைத்துக்கொண்டான்.

ஆட்டத்துக்கும் ஒரு ஏற்பாடு செய்தோம். ‘இந்த மேட்ச் முடியட்டும்’ என்ற பேச்சுக்கு இடமில்லை. முடிந்தால்தான் அடுத்தது கூப்பிடுமே! கடிகாரத்தில் பத்தரை ஆனால், மேட்ச் எந்த நிலையில் இருந்தாலும் அப்படியே நிறுத்திவிட்டு எழுந்துவிட வேண்டும். முதல் வாரம் இரண்டு நாள் சண்டை வந்தது. லேப்டாப் இப்போது ராத்திரியில் ஹாலில் சார்ஜ் ஆகிறது.

காலையில் அப்பாவை நடக்க அழைத்துப் போவது அவன் வேலை. எத்தனை நிமிஷம் நடந்தார், மூச்சு வாங்கியதா என்று நோட்டில் எழுதுகிறானாம். திறமைக்கு இவ்வளவு, சக்திக்கு இவ்வளவு என்று மார்க் வேறு போடுகிறானாம். “போன வாரம் எனக்கு ஓய்வு குடுத்துட்டான் அண்ணி, பெஞ்சுல உக்கார வச்சுட்டான்!” என்று அவன் அப்பா போனில் சிரித்தார்.