நாய்ப் பயிற்சிச் சங்கத்தைத் தேர்ந்துகொள்ளும் முறை

மனிதனோடு கூடி வாழும் பிராணிகளுள் நாயைப்போல அவனுக்கு நெருங்கியது வேறொன்றில்லை. பசு பாலின் பொருட்டும், எருது உழவின் பொருட்டும் நம்மிடம் வந்தன. அவற்றிற்குத் தொழுவம் உண்டு. நாயோ மனிதனது வீட்டையே தன் வீடாகவும், அவன் குடும்பத்தையே தன் குடும்பமாகவும் கொண்டுவிட்டது. வீட்டினுள் வாழும் உரிமை பெற்ற பிராணி, வீட்டிற்குரிய ஒழுங்கையும் கற்றாக வேண்டும். விருந்தினர்மேற் பாய்வதும், மிதிவண்டியைத் துரத்துவதும், அழைத்தால் வாராதிருப்பதும் குட்டிப் பருவத்தில் விளையாட்டாகத் தோன்றும். நாய் வளர்ந்தபின் அவையே அயலார்க்கு அச்சமும் உடையவர்க்குத் தலைக்குனிவும் ஆகின்றன. முடிவில் அக்குற்றங்களுக்காக வீட்டை இழப்பது நாயே. மேனாடுகளில் ஆதரவற்ற நாய்களைக் காக்கும் இல்லங்களுக்கு வந்து சேர்வனவற்றுட் பல, இயல்பிற் கொடியன அல்ல; கற்பிப்பாரின்றிக் கெட்டவை.

இக்குறையை நீக்குதற்பொருட்டு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல ஊர்களில் நாய்ப் பயிற்சிச் சங்கங்கள் நடைபெறுகின்றன. வாரத்தில் ஒரு மாலை, ஏறக்குறைய ஒரு மணி நேரம், தேவாலயத்தைச் சார்ந்த மண்டபத்திலோ, பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்திலோ, புல்வெளியிலோ உறுப்பினர் தத்தம் நாய்களோடு கூடுவர். ஆறு அல்லது எட்டு வாரம் கொண்டது ஒரு பாடத்தொடர். உட்காருதல், படுத்தல், அசையாது நிற்றல், அழைத்தால் வருதல், வாரை இழுக்காமல் உடன் நடத்தல் என்னும் ஐந்துமே அங்கு அரிச்சுவடி. ஊதியம் பெறாமற் கற்பிக்கும் சங்கங்களும் உள. தொழிலாக நடத்தப்படும் பள்ளிகளும் உள. இவ்விரண்டு நாடுகளிலும் நாய் பழக்குவோர்க்கெனப் பொதுவான உரிமச் சீட்டு எதனையும் சட்டம் கேட்பதில்லை. மருத்துவர்க்குத் தேர்ச்சி வேண்டும். வழக்கறிஞர்க்குப் பட்டம் வேண்டும். நாய்ப் பயிற்சியாசிரியர் என்று பலகை தொங்கவிடுவதற்கோ பலகையும் ஆணியும் போதும். ஆதலால், நல்லதையும் தீயதையும் பகுத்தறியும் பொறுப்பு முழுவதும் நாயை உடையவரையே சார்கின்றது. அந்நாடுகளிற் சென்று வாழும் நம் பழைய மாணவர்க்கும், இங்கே வீட்டிற்கே ஆசிரியரை வரவழைத்து நாயைப் பழக்குவோர்க்கும் இப்பொருள் பயன்படுமென்று எண்ணி ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம்.

முதற்கண் இச்சங்கங்களின் வரலாற்றைச் சிறிது அறிதல் நலம். இலண்டன் நகரத்துக் கென்னல் கிளப்பு 1873ஆம் ஆண்டிலும், அமெரிக்கன் கென்னல் கிளப்பு 1884ஆம் ஆண்டிலும் தோன்றின. தொடக்கத்தில் இவை பெரிதும் கருதியது நாயின் குலத்தையும் வடிவத்தையுமே. அழகுப் போட்டியில் வென்ற நாய் அறிவுடையதா என்று ஆராய்வார் அரியர். பூடில் என்னும் சாதி நாய்களை வளர்த்து வந்த ஹெலீன் வைட்ஹவுஸ் வாக்கர் என்ற அம்மையார், அவை அலங்காரத்திற்கு மட்டும் உரியன என்று பிறர் எள்ளியதைப் பொறாது, அவற்றின் அறிவை உலகறியச் செய்யக் கருதி, 1933ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்து மௌண்ட் கிஸ்கோவில் ஒரு கீழ்ப்படிதற் போட்டியை நடத்தினார். அதிற் கலந்துகொண்ட நாய்கள் எட்டே. மூன்றாண்டுகளுக்குள், அதாவது 1936இல், அமெரிக்கன் கென்னல் கிளப்பு இத்தகைய போட்டிகளுக்கு விதிகளை ஏற்றுக்கொண்டது. 1937இல் அவ்வம்மையாரும் பிளாஞ்ச் சாண்டர்ஸ் என்னும் பயிற்சியாசிரியரும் பூடில்களைத் தம்மோடு கொண்டு, ஊர்தியொன்றில் ஏறக்குறைய 10,000 மைல் நாட்டைச் சுற்றி, ஊர்தோறும் பயிற்சியைச் செய்து காட்டினர். அதன்பின் அந்நாட்டிற் பயிற்சிச் சங்கங்கள் பெருகின.

சங்கங்கள் பெருகியவாறே, கற்பிக்கும் முறையிலும் இருவேறு வழிகள் ஏற்பட்டன. சங்கத்தைத் தேர்வோர் முதலில் அறிய வேண்டுவது இவ்வேறுபாட்டையே.

ஒன்று வலிந்து பழக்கும் வழி. ஜெர்மானியரான கோன்ராட் மோஸ்ட் என்பவர் 1910இல் வெளியிட்ட நூல் காவல் துறை நாய்களைக் கருதி எழுந்தது. கழுத்துப்பட்டையைச் சுண்டி இழுத்தலும், தவற்றிற்கு உடனே ஒறுத்தலும் அம்முறையில் முக்கியமானவை. படைகளில் நாய்களைப் பழக்கினோர் பலர் போர்களுக்குப் பின் ஊர்ச் சங்கங்களில் ஆசிரியராகவே, அம்முறை வீட்டு நாய்களுக்கும் வந்து சேர்ந்தது. இதற்குத் துணையாக ஓநாயைப் பற்றிய ஒரு கொள்கையும் எடுத்துக் காட்டப்பட்டது. 1947இல் ருடால்ஃப் ஷெங்கெல் என்பவர் பேசெல் நகரத்து மிருகக்காட்சிச் சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களின் சண்டைகளை ஆராய்ந்து எழுதினார். அதனைக் கொண்டு, நாய் எக்காலமும் தலைமைக்குப் போட்டியிடும் பிராணி என்றும், உடையவன் அதனை அடக்கித் தலைவனாக வேண்டும் என்றும் பிற்காலத்தோர் பேசலாயினர். காட்டில் உரிமையோடு திரியும் ஓநாய்களை நெடுங்காலம் கண்டாராய்ந்த டேவிட் மெக் என்பவர், ஓநாய்க் கூட்டமென்பது பெரும்பாலும் தாயும் தந்தையும் மக்களும் கூடிய குடும்பமே என்று 1999இல் விளக்கினார். மேலும், நாய் ஓநாயன்று, மனிதனும் ஓநாயல்லன்.

மற்றொன்று வெகுமதியால் பழக்கும் வழி. இன்பம் தரும் செயலை உயிர்கள் மீண்டும் மீண்டும் செய்யும் என்பதை எட்வர்டு தார்ண்டைக் 1898இல் பூனைகளைக் கூண்டிலிட்டுச் சோதித்து வெளியிட்டார். பி. எஃப். ஸ்கின்னர் என்னும் பேராசிரியர் விலங்குகளுக்குக் கற்பிக்கும் முறையைப் பொதுமக்களும் அறியுமாறு 1951இல் ஒரு கட்டுரை வரைந்தார். நாய் செய்ய வேண்டியதைச் செய்த அக்கணமே ஒரு துண்டு உணவோ, பாராட்டோ, விளையாட்டோ அளித்தலும், செய்யத் தகாததற்கு இடமே கொடாமையும் இம்முறையின் சாரம். பின்னும் இயான் டன்பார் என்ற கால்நடை மருத்துவர், குட்டிகளுக்கெனத் தனி வகுப்புகளை அமைத்து இதனைப் பரப்பினார்.

இவ்விரண்டனுள் எது சிறந்தது என்பது இக்காலத்தில் வெறும் கருத்து வேறுபாடன்று. 2020இல் போர்ச்சுகல் நாட்டினின்று வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், 7 பயிற்சிப் பள்ளிகளைச் சார்ந்த 92 வீட்டு நாய்கள் சோதிக்கப்பட்டன. வலிந்து பழக்கிய பள்ளிகளில் நாய்கள் உதட்டை நக்குதல், கொட்டாவி விடுதல், உடலை ஒடுக்குதல் முதலிய கலக்கக் குறிகளை மிகுதியாகக் காட்டின. பயிற்சிக்குப்பின் அவற்றின் உமிழ்நீரில் மனவழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் என்னும் பொருளும் மிகுந்தது. பின்னர் வேறோரிடத்தில் மற்றொரு சோதனை நடந்தது. ஒருபுறம் வைத்த கிண்ணத்தில் உணவுண்டு, மறுபுறம் வைத்ததில் இல்லை என்று நாய்களுக்குப் பழக்கியபின், கிண்ணத்தை நடுவில் வைத்தனர். மிகக் கடுமையாகப் பழக்கப்பட்டவை நம்பிக்கையிழந்தனபோல மெல்லச் சென்றன. வெகுமதியால் பழகியவை விரைந்து ஓடின. அடியின் அச்சம் பயிற்சிக் களத்தோடு நின்றுவிடுவதில்லை. நாயின் மனத்தில் குடியேறி வீடுவரை வருகின்றது. விலங்கின் நடத்தையை ஆராயும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2021இல், எல்லா நாய்களுக்கும் வெகுமதி முறையையே கைக்கொள்ளுமாறு அறிவுறுத்தியது. வேல்ஸ் நாட்டில் மின்சார அதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டைகள் 2010ஆம் ஆண்டிலேயே தடுக்கப்பட்டன.

"கடுமையாற் பழகிய நாய் உடனே அடங்குகின்றதே, அதனை மறுக்கலாகுமோ?" என்று சிலர் வினவலாம். அடங்குவது உண்மை. ஆனால் அடங்குதல் வேறு, கற்றல் வேறு. உறுமியதற்காக அடிபட்ட நாய் உறுமுதலை விட்டுவிடும். உறுமத் தூண்டிய அச்சத்தை விடாது. உறுமல் என்பது கடிப்பதற்கு முன் நாய் நமக்குத் தரும் எச்சரிக்கை. அவ்வெச்சரிக்கையை அழித்துவிட்டால், அறிவிப்பின்றிக் கடிக்கும் நாயை நாமே ஆக்கியவராவோம். அதனாற் கேடுறுவது பெரும்பாலும் வீட்டிலுள்ள குழந்தையாயிருத்தல் கூடும்.

இனி, சங்கத்தைத் தேர்ந்துகொள்ளும் வகையைக் கூறுவோம்.

முதலாவது, நாயை வீட்டில் விட்டுத் தனியே சென்று ஒரு வகுப்பு முழுவதையும் இருந்து பார்த்தல் வேண்டும். நல்ல சங்கம் அதனை மகிழ்ந்து ஏற்கும். பார்க்க விடாத சங்கத்திற்கு மறுமுறை செல்ல வேண்டுவதில்லை. ஆங்கே சுவரில் அடுக்கிய வெள்ளிக் கோப்பைகளைப் பாராமல், புதிதாய் வந்த நாய்களின் முகத்தைப் பார்க்க. அவற்றின் உடல் தளர்ந்து இயல்பாயிருக்கின்றதா, வால் இயல்பாய் அசைகின்றதா, ஆசிரியர் அருகே வருங்கால் நெருங்குகின்றனவா, ஒதுங்குகின்றனவா என்று நோக்குக. வாலை இடுக்குதலும், காதைப் பின்னே மடித்தலும், காரணமின்றி அடிக்கடி கொட்டாவி விடுதலும் அச்சத்தின் குறிகள். கோப்பைகள் சிறந்த நாய்களின் வரலாற்றைக் கூறும். எளிய நாய்கள் நடத்தப்படும் விதத்தைக் கூறா.

இரண்டாவது, கருவிகளைக் கவனிக்க வேண்டும். சுருக்குச் சங்கிலி, முட்பட்டை, மின்சாரப் பட்டை ஆகியவற்றை வகுப்பில் சேருவோர் யாவரும் வாங்க வேண்டுமென்று விதிக்கும் இடத்தைவிட்டு நீங்குதலே நன்று. சாதாரணப் பட்டை அல்லது மார்புப்பட்டை, ஒரு வார், ஒரு பை நிறைய உணவுத் துண்டுகள், இவையே போதும்.

மூன்றாவது, ஆசிரியரை வினவ வேண்டும். "என் நாய் சரியாகச் செய்தால் என்ன நேரும்? தவறாகச் செய்தால் என்ன நேரும்?" என்னும் இரு கேள்விகளே போதுமானவை. தெளிவாக விடை கூறாது, "எம் முறை இரகசியமானது" என்றோ, "அதற்குத் தலைவன் யாரென்று காட்டுவோம்" என்றோ கூறுபவரிடம் நாயை ஒப்புவித்தல் தகாது. பத்து நாளிற் பழக்கித் தருவோம் என்று உறுதிகூறுவாரையும் நம்பலாகாது. உயிருள்ள பிராணியின் நடத்தைக்கு முன்கூட்டியே உறுதி கூற அறிவுடையோர் துணியார்.

நான்காவது, ஆசிரியர் மனிதரை நடத்தும் முறையை நோக்க வேண்டும். வாரத்தில் 168 மணி நேரம் உண்டு. அதில் ஆசிரியரோடு கழிவது ஒன்று. எஞ்சிய 167 மணி நேரமும் நாய்க்கு ஆசிரியர் அதன் உடையவரே. ஆதலின் சங்கம் மெய்யாகக் கற்பிக்க வேண்டுவது நாய்க்கு அன்று, உடையவர்க்கே. தவறிய உறுப்பினரைப் பலர் முன்னிலையில் நாணச் செய்பவர், நன்கு கற்பிப்பவரல்லர். நாயின் வாரைத் தாமே பிடுங்கி வித்தை காட்டுபவரினும், வாரை உடையவர் கையிலே விட்டு, பொறுமையோடு சொல்லிக் கொடுப்பவரே மேலானவர்.

ஐந்தாவது, இடமும் எண்ணும். ஓர் ஆசிரியர்க்கு ஆறு அல்லது எட்டு நாய்கள் போதும். அதற்கு மேற்படின் துணையாசிரியர் வேண்டும். நாய்களுக்கிடையே போதிய இடைவெளியும், வழுக்காத தரையும், குடிநீரும் இருத்தல் வேண்டும். அஞ்சும் நாய்க்கு ஒதுங்கி நிற்க ஒரு மூலையேனும் தேவை.

ஆறாவது, உடல்நலம். வெறிநோய், டிஸ்டெம்பர், பார்வோ முதலியவற்றிற்குத் தடுப்பூசி இட்டதற்குச் சான்று கேளாத சங்கம் கவனமற்றது. எனினும் தடுப்பூசிகள் யாவும் முடியுமட்டும் குட்டியை வீட்டினுள் அடைத்து வைத்தலும் பிழையே. பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறையப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே குட்டி உலகத்தோடு பழகுதற்கு மிக ஏற்றதென ஸ்காட், புல்லர் என்னும் இருவர் தம் ஆராய்ச்சியால் 1965இல் விளக்கினர். முதல் தடுப்பூசி இட்டு ஏழு நாளேனும் கழிந்தபின், ஏழு எட்டு வாரக் குட்டிகளையும், தூய்மையாக நடத்தப்படும் வகுப்பிற் சேர்க்கலாம் என்பது மேற்கூறிய கால்நடை மருத்துவர் சங்கத்தின் கருத்து.

ஏழாவது, நம் நோக்கத்தை நாமே அறிதல் வேண்டும். சில சங்கங்கள் போட்டியில் வெல்லுதற்கென்றே பழக்குவன. வீட்டில் அமைதியாக வாழும் நாயே வேண்டுமெனில், நற்குடி நாய்த் தேர்வுகளுக்குப் பயிற்றும் வகுப்புகள் ஏற்றவை. அமெரிக்கன் கென்னல் கிளப்பு இத்தகைய தேர்வை 1989இலும், இலண்டன் கிளப்பு 1992இலும் தொடங்கின. அயலார் அருகே வருங்கால் அமைதியாயிருத்தல், கூட்டத்தினூடே நடத்தல் போன்ற அன்றாட ஒழுக்கங்களையே அமெரிக்கத் தேர்வு பத்துப் பகுதிகளாகச் சோதிக்கின்றது. கடிக்கும் நாய்க்கோ பொதுவகுப்பு ஏற்றதன்று; முதலிற் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். நோயும் வலியும் சினத்திற்குக் காரணமாதல் உண்டு.

நல்ல சங்கத்தைக் கண்டு சேர்ந்தபின்னும் நம் கடமை முடிவதில்லை. நாள்தோறும் ஐந்து நிமிடமாக மூன்று நான்கு முறை வீட்டிற் பழக்க வேண்டும். வீட்டார் யாவரும் ஒரே சொல்லையே வழங்க வேண்டும். தந்தை "உட்கார்" என்றும், மகன் "இரு" என்றும் கூறினால் நாய் என் செய்யும்? சேர்ந்த சங்கத்தில் நாய் நாளுக்கு நாள் அச்சமடைவதாகக் காணின், கட்டிய கட்டணத்தைக் கருதாது விலகிவிடுதலே முறை. ஆசிரியர் நம் நாய்க்குச் செய்யும் ஒன்று நம் மனத்திற்கு ஒவ்வாதாயின், "வேண்டாம்" என்று சொல்லி வாரைத் திரும்பப் பெறும் உரிமை நமக்கு எப்பொழுதும் உண்டு.

நாய்க்கு வாயுண்டு, சொல்லில்லை. தன்னை எங்கே கொண்டு செல்லலாம், யாரிடம் ஒப்புவிக்கலாம் என்று அது நமக்குக் கூற மாட்டாது. நாம் அழைத்த இடத்திற்கு நம்மை நம்பித் தொடர்ந்து வரும். அந்நம்பிக்கைக்கு உரியவராக நடந்துகொள்ளுதல் நாயை வளர்க்கும் ஒவ்வொருவர்க்கும் கடனாகும்.