பட்டத்துக்கு முன்னால் வரும் ஓ.டி.பி.

மாலை ஏழு மணிக்குத் தாம்பரம் சானடோரியத்தில் செங்கல்பட்டு ரயில் ஏறினால், மெப்ஸ் ஏற்றுமதி மண்டல வளாகத்தில் வேலை முடித்துத் திரும்புகிறவர்களின் பேச்சில் ஆன்லைன் டிகிரி அடிபடாத நாள் குறைவு. டிப்ளமோவோடு நின்றவர்கள், கல்யாணத்தால் கல்லூரியைப் பாதியில் விட்டவர்கள், எம்.பி.ஏ. இருந்தால்தான் பதவி உயர்வு என்று சொல்லப்பட்டவர்கள். எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பணம் யாருக்குப் போகிறது என்று கேட்பவர் அரிது. எனக்கு அதுதான் கவலை.

கூடுவாஞ்சேரியில் வசிக்கும் ஒரு பெண், கணக்குப் பிரிவில் வேலை. வலைத்தளத்தில் நம்பரைப் பதிந்த பத்தாவது நிமிடம் அழைப்பு வந்திருக்கிறது. “மேடம், இன்னிக்கு ராத்திரிக்குள்ள சீட் பிளாக் பண்ணிட்டா டிஸ்கவுண்ட். மாசத் தவணைதான். ஒரு ஓ.டி.பி. வரும், அதை மட்டும் சொல்லுங்க.” சொல்லிவிட்டார். அது கல்லூரிக் கட்டணத்தின் தவணை அல்ல, அவர் பெயரில் எடுக்கப்பட்ட கடன். முழுக் கட்டணமும் அன்றே கட்டப்பட்டுவிட்டது. இரண்டாவது செமஸ்டரில் குழந்தை பிறந்து படிப்பு நின்றது, தவணை நிற்கவில்லை. மூன்று மாதம் தவறியதில் சிபில் மதிப்பெண் சரிந்து, கணவரோடு சேர்ந்து கேட்ட வீட்டுக் கடனும் தள்ளிப்போனது.

கையில் மொத்தப் பணம் இல்லாதவர்களுக்குக் கடன்தானே வழி என்பார்கள். இருக்கலாம். ஆனால் கடன் என்று சொல்லியே கொடுக்க வேண்டும்.

பருவத்துக்குப் பருவம் பணம் கட்டும் வழி இல்லாமல் இல்லை. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப் படிப்பில், அந்தப் பருவத்தில் எடுக்கும் பாடங்களுக்கு மட்டும் கட்டினால் போதும். ஜே.இ.இ. வேண்டாம், நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேற வேண்டும். நடுவில் நிறுத்தினாலும் முடித்த கட்டத்துக்கேற்ப சான்றிதழோ டிப்ளமோவோ உண்டு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. பாடம் வீட்டில், பரீட்சை மையத்தில் நேரில். பாடம் கடினம்தான், ஏமாற்று இல்லை.

மற்ற இடங்களில் சேருவதானால், யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தப் பாடத்துக்கு, அந்த ஆண்டுக்கு ஆன்லைன் அனுமதி இருக்கிறதா என்று நாமே பார்த்துவிட வேண்டும். அனுமதி இருந்தால் 2020 விதிகளின்படி அது நேரடிப் பட்டத்துக்குச் சமம். 2024 முதல் சேருகிறவர் அந்தப் பிரிவின் தளத்தில் டி.இ.பி. ஐ.டி. என்ற அடையாள எண்ணும் எடுக்க வேண்டும். அதை நீங்களே எடுங்கள், ஏஜென்ட் கையில் ஆதாரைக் கொடுக்காதீர்கள். ஆன்லைனில் பி.இ., நர்சிங், சட்டம் என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடலாம். 2025 ஜூலைச் சேர்க்கை முதல் சைக்காலஜியும் கிடையாது. தொலைநிலையில் வாங்கிய பொறியியல் பட்டங்கள் பல 2017-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் செல்லாமல் போனது பலருக்கு நினைவிருக்கும்.

மின்சார ரயிலிலேயே சைதாப்பேட்டையில் இறங்கினால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 2002-ல் தொடங்கியது. நேரில் ஒரு மனிதரிடம் கேட்டுவிட்டு வரலாம்.

கூடுவாஞ்சேரிப் பெண்ணுக்கு இன்னும் பதினோரு தவணை பாக்கி. “அது முடியட்டும்ணா, திரும்பப் படிப்பேன். ஆனா அந்தந்தப் பருவத்துக்கு மட்டும்தான் பணம் கட்டுவேன்” என்றார்.