ஜாக் தே பைவா குடும்ப வரலாறு

ஜாக் தே பைவா (இறப்பு: 1687) சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையைச் சார்ந்து வைர வணிகம் செய்த யூதர் ஆவார். ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த போர்த்துகீசிய யூதச் சமூகத்திலிருந்து இங்கு வந்தவர். இவருடைய குடும்பத்தின் தடம் சென்னை, லண்டன், ஆம்ஸ்டர்டாம், கேப் டவுன் என நான்கு ஊர்களில் சிதறிக் கிடக்கிறது.

பின்னணி

1497இல் போர்த்துகலில் யூதர்கள் கட்டாயமாகக் கிறித்தவர்களாக்கப்பட்டனர். அடுத்த நூற்றாண்டுகளில் அங்கிருந்து தப்பியவர்களில் பலர் ஆம்ஸ்டர்டாமிலும், 1656க்குப் பின் லண்டனிலும் மீண்டும் யூதர்களாக வாழத் தொடங்கினர். இவர்களுள் சிலர் வைரத்துக்காகச் சென்னை வந்தனர். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்துப் பவளமும் ஐரோப்பிய வெள்ளியும் இங்கு வந்தன. கோல்கொண்டா வைரம் திரும்பிச் சென்றது. ஜார்ஜ் டவுனின் பவளக்காரத் தெரு அந்த வணிகத்தை இன்றும் பெயரில் வைத்திருக்கிறது. 1688இல் தொடங்கிய சென்னை மாநகராட்சியின் 12 ஆல்டர்மேன்களில் யூத வணிகர்களும் இருந்தனர்.

பெயர்ச் சிக்கல்

குடும்பத்தைத் தேடுவோர் முதலில் தடுமாறும் இடம் பெயர்தான். இவர் ஜாக், ஜைமே, ஜேம்ஸ் என்று பலவாறு குறிக்கப்படுகிறார். குடும்பப்பெயரும் சில இடங்களில் ‘பாவியா’ என்று திரிந்துள்ளது; அது இத்தாலிய நகரம் ஒன்றின் பெயராதலால் தேடுபவரை வேறு திசைக்கு இழுத்துவிடும். ‘பைவா’ போர்த்துகீசியக் கிறித்தவர்களுக்கும் உள்ள பெயர். எனவே பெயர் ஒத்திருப்பதை மட்டும் வைத்து உறவு சொல்ல முடியாது. கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயப் பதிவேடுகள் ஆங்கிலேயர்களின் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைத் தருகின்றன. யூதக் குடும்பத்தை அங்கே தேடிப் பயனில்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலுள்ள கோட்டையின் ஆலோசனைக் குறிப்புகளும் லண்டன், ஆம்ஸ்டர்டாம் யூதச் சமூகங்களின் பதிவுகளுமே வழி.

மனைவியும் மகனும்

ஜாக் இறந்த 1687ஆம் ஆண்டில்தான் கோல்கொண்டா ஔரங்கசீப்பிடம் வீழ்ந்தது. எலிஹு யேல் சென்னை ஆளுநரானதும் அவ்வாண்டே. ஜாக்கின் மனைவி ஹிரோனிமா பின்னர் யேலுடன் வாழ்ந்தார். இவர்களுக்குச் சார்லஸ் என்ற மகன் பிறந்தான்; அவன் கேப் டவுனில் இளம் வயதிலேயே இறந்தான். ஹிரோனிமாவைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் யேலின் துணைவி என்றே குறித்துச் செல்கின்றனர். வைர வணிகக் குடும்பத்துப் பெண் என்ற வகையில் அவர் அறிந்திருந்ததும் செய்ததும் எழுதப்படவில்லை. இந்த வரலாற்றின் பெரிய ஓட்டை இதுவே.

கல்லறை

யேலின் முறைப்படியான மகன் டேவிட்டின் கல்லறைக் கோபுரம் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. ஜாக் அடக்கம் செய்யப்பட்ட பெத்தநாயக்கன்பேட்டை யூத இடுகாடோ, தங்கசாலைத் தெருப் பகுதியில் இன்று இல்லை. அங்கிருந்த கற்களில் எஞ்சியவை இருபதாம் நூற்றாண்டில் இடம் மாற்றப்பட்டன. இப்போது சென்னையின் யூத இடுகாடு லாயிட்ஸ் சாலையில் உள்ளது.